மூன்றாம் நம்பர் சேம்பரில் காற்று இல்லை

1. பத்து நாற்பது

காலை பத்து நாற்பதுக்கு எக்ஸாஸ்ட் ஓட்டையில் சாக்கை அடைத்தார்கள். பிறகு டாக்டரும் சொந்தக்காரர்களும் சபையாரும் கேட்டபோதெல்லாம் நான் இந்த நேரத்தைத்தான் சொன்னேன். அவர்கள் கேட்டது வேறு நேரம். என் மகன் சேம்பருக்குள் விழுந்தது எப்போது என்று கேட்டார்கள். விழுந்தது கடைசியாக நடந்தது. கெடுதல் ஆரம்பித்தது அதற்கு இரண்டு நாள் முன்பு, பத்து நாற்பதுக்கு, ஓர் ஈரச் சாக்கில். காய் கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்தபடிதான், "இத எடுத்துருங்கண்ணே" என்று சொன்னேன். யாரும் எடுக்கவில்லை.

சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவில், ரோட்டோரமாக, காயைக் கழுவித் தரம் பிரித்துப் பழுக்க வைத்து அனுப்பும் ஒரு வாழைக்காய் பேக் ஹவுசில் நான் குவாலிட்டி சூப்பர்வைசர். படித்தது தாவரவியல். காய் வந்து இறங்கியதும் நறுக்கிப் பார்ப்பது, அமுக்கிப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது, எந்த லாட்டை எடுக்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று சொல்வது என் வேலை. சொல்வது மட்டும்தான் என் வேலை. கேட்பது அங்கே யாருக்கும் வேலையாக இருந்ததில்லை. எதைச் சொன்னாலும் காரணத்தோடு சொல்வேன் என்பதால் முதலாளி எனக்கு 'டீச்சர்' என்று பெயர் வைத்தார். கேலிக்கு வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

ஆல்வின் என் ஒரே மகன். ஏசி, ரெஃப்ரிஜிரேஷன் டிப்ளமோ முடித்துவிட்டு, மழை தொடங்கிய சமயத்தில் அதே பேக் ஹவுசில் சேம்பர் ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தான். சேம்பர் என்பது காயைப் பழமாக்கும் குளிர் அறை. பச்சைக் காயை கிரேட்டில் அடுக்கி உள்ளே வைத்து, குளிரைச் சீராக வைத்து, எத்திலீன் கேஸை அளவாக விடுவோம். நாங்கள் கேஸ் என்று சொன்னால் அதுதான். கதவைத் திறந்து உள்ளே போய் காயைப் பார்த்துவிட்டு வருகிறவன் ஆபரேட்டர். அதனால் சேம்பருக்குள் காற்று எப்படி இருக்கிறது என்பது எனக்கு வெறும் காய் விஷயமாக இருந்ததில்லை.

பேக் ஹவுஸ் வேலைக்கு இப்போது நிறைய பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் படிப்பதற்காக எழுதுகிறேன். எல்லாம் தெரிந்தவர்கள் படிக்க வேண்டியதில்லை. இது அவர்களைப் பற்றியது.

2. தண்ணீர் குடித்த தார்

கார்த்திகை மாதம். ஐயப்ப சாமிகள் வண்டி வண்டியாகக் குமுளிப் பக்கம் போகிற காலம். ரோட்டோரக் கடையெல்லாம் பழம் கேட்கும். அந்த வருடம் மழையும் விடவில்லை, வாய்க்காலும் நிரம்பி ஓடியது. அந்தச் சமயத்தில் தவமணி அண்ணன் தோட்டத்துக் காய் வந்தது. தவமணி அண்ணன் எங்களுக்கு வழக்கமாகக் காய் கொடுக்கிற விவசாயி. லாரிக்கு முன்னாலேயே பைக்கில் வந்து நின்றார்.

"டீச்சர், தாரைப் பாருங்க. ஒவ்வொண்ணும் வயசுப் பிள்ளை கனம் கனக்குது."

ஒரு காயை நறுக்கினேன். கத்தி காய்க்குள் போகிற விதமே சரியில்லை. தோல் சில இடங்களில் மயிரிழையாக வெடித்திருந்தது. சீப்பைப் பிடித்துத் தூக்கினால் காம்பு தளர்ந்து ஆடியது.

"தோட்டத்துல எம்புட்டு நாளா தண்ணி நிக்குதுண்ணே?"

"நிக்கிறதுன்னா... மழை பெஞ்சுச்சு, நின்னுச்சு. வாய்க்கால்லயும் சும்மா போச்சு. எதுக்கு விடணும்னு மடையத் தெறந்துவிட்டேன்."

"மழைத் தண்ணி நிக்கிற தோட்டத்துல வாய்க்காத் தண்ணியையும் விட்டீகளா?"

"வெட்டுக்கு முன்னால தண்ணி கட்டுனாத்தான தாரு எடை காட்டும்? ஊரே கட்டுது. நான் மட்டும் காயப்போட்டு வெட்ட நான் என்ன கிறுக்கனா?"

ஊரே கட்டுகிறது என்பது உண்மை. எங்கள் பள்ளத்தாக்கில் வெட்டுக்கு முந்தின வாரம் வாழைத் தோட்டங்களைப் பார்த்தால் நெல் வயலோ என்று சந்தேகம் வரும். எடைமேடையில் ஏற்றுவதற்காகத் தண்ணீரை வாழைக்குள் ஏற்றுகிறார்கள். வாங்குகிறவருக்கும் இது தெரியும். தெரிந்தே வாங்கி, அந்தத் தண்ணீரையே தன் எடைக்கும் விற்கிறார். இதற்கு வியாபாரம் என்று பெயர்.

முதலாளி வந்தார். நான் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மண்ணில் சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. அதில் காற்று இருக்கும். வேர் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. தண்ணீர் நின்றால் அந்த இடைவெளியெல்லாம் நிரம்பிவிடும். வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. மூச்சுத் திணறுகிற வேர் அழுகத் தொடங்கும். அழுகுகிற வேரால் தண்ணீரைச் சுற்றி வைத்துக்கொண்டே இலைக்கு எதையும் அனுப்ப முடியாது. இலை மஞ்சளடிக்கும். மரம் பயந்துபோய்த் தன் உடம்பிலேயே எத்திலீனைச் சுரந்து காயை அவசரப்படுத்தும். அப்படி வந்த காய் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். உள்ளே ருசியும் இருக்காது, உறுதியும் இருக்காது. சீப்பிலிருந்து பழம் உதிரும், தோல் வெடிக்கும், ஒரே தாரில் ஒன்று பழுக்கும், ஒன்று பழுக்காது. இந்த லாட்டை எடுத்தால் கூட்டமாக அடைக்காமல், காற்றோட்டமாக, தனியாகப் பழுக்க வைக்க வேண்டும்.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். பிறகு சுற்றி நின்ற லோடுமேன்களைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, மண்ணுக்குள்ள காத்து இருக்காம்ல? நான் இதுவரைக்கும் மண்ணுக்குள்ள மண்ணுதான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தவமணி அண்ணன் எல்லோருக்கும் மேலே சிரித்தார். லாட் மூன்றாம் நம்பர் சேம்பருக்குப் போனது. குமுளி வியாபாரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால், ஒரு சேம்பரில் எவ்வளவு வைக்கலாமோ அதற்கும் மேலே வைத்தார்கள். கிரேட்டுக்கும் கிரேட்டுக்கும் நடுவே விரல் நுழையாது. மழையில் நனைந்த காயைத் துடைக்கக்கூட இல்லை.

3. மண் பூசிய கதவு

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பா வாழைக்காய் மூட்டம் போட்டவர். அந்தக் காலத்தில் காயை ஓர் அறையில் அடுக்கி, ஓரத்தில் ஒரு சட்டியில் சருகையும் எருவையும் கொளுத்திப் புகைய விட்டு, கதவைச் சாத்தி, கதவிடுக்கு முழுக்கக் களிமண் பூசி அடைத்துவிடுவார்கள். மறுநாள் மண்ணைப் பெயர்த்துக் கதவைத் திறப்பார்கள். காய் பழுத்திருக்கும். பழுத்தது புகையில் இருந்த கொஞ்சம் எத்திலீனாலும் அறையின் சூட்டாலும். மண் பூசியதால் அல்ல. அந்த அறைகளுக்கு ஓடு வேய்ந்த கூரை. ஓட்டிடுக்கில் காற்று போய் வந்துகொண்டிருந்தது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோர் மனதிலும் பதிந்தது அடைப்புதான். எவ்வளவு இறுக்கி அடைக்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பழுக்கும் என்பது இந்தக் குடும்பத்தின் விசுவாசம்.

பேங்க் லோன், மானியம் எல்லாம் வாங்கி அவர் கட்டிய சேம்பருக்கு ஓட்டுக் கூரை கிடையாது. சுவர், கூரை, கதவு எல்லாம் காற்றுப் புகாத பஃப் பேனல் பலகை. சாத்தினால் சாத்தியதுதான். அதனால்தான் அதைச் செய்தவர்கள் பின்சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தார்கள். பறித்த காயும் உயிருள்ளது. ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கரியமில வாயுவையும் சூட்டையும் வெளியே தள்ளும். அவ்வப்போது எக்ஸாஸ்டை ஓட்டி உள்ளே இருப்பதை வெளியேற்றிப் புதுக் காற்றை விட வேண்டும். உள்ளே கரியமில வாயு கூடினால் சத்தம் போட ஒரு மீட்டரும் உண்டு.

காயை அடைத்த மறுநாள் காலை முதலாளி சேம்பருக்குப் பின்னால் நின்று எக்ஸாஸ்ட் ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தார்.

"ஏலே சுருளி, இங்கன வா. காத்து வருது பாத்தியா? நான் காசு குடுத்து வாங்குன கேஸ் பூரா இது வழியாப் போகுதுடா."

சுருளிவேல் எங்கள் மேஸ்திரி. முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே இருப்பவர். "ஆமா மொதலாளி, அப்பவே சொல்லணும்னு இருந்தேன். பெரியவரு இருந்தா இந்த ஓட்டைய விட்டுருப்பாகளா?" என்றார். ஒரு சாக்கை நனைத்துச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தார். மேலே பிரவுன் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். அப்போதுதான் பத்து நாற்பது.

"இத எடுத்துருங்கண்ணே. காய் மூச்சு விட வேண்டாமா?"

"டீச்சர், துபாய்க்குக் கப்பல்ல காய் போகுதுல்ல. அதுல ஆக்சிஜனக் கொறச்சுத்தான் கொண்டுபோறாக. மதுரையில மீட்டிங்ல சொன்னாக. நானும் போயி உக்காந்து கேட்டேன்," என்றார் முதலாளி.

"கப்பல்ல கொறைக்கிறது காய் பழுக்காம இருக்கண்ணே. அதையும் அளந்துதான் கொறைப்பாக. நாம பழுக்க வைக்கத்தான கேஸ் விடுறோம்? பழுக்கிறதுக்கு ஆக்சிஜன் வேணும்."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். யோசிக்கிறாரே என்று எனக்கு ஆசை வந்தது.

"பழுக்கிறதோ பழுக்காததோ, கெடாதுல்ல? அது போதும்."

மீட்டிங்குக்குப் போய் வருகிறவர்களில் இந்த வகை எனக்கு நன்றாகத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சொன்ன பாதியைக் கேட்பார்கள். மற்றப் பாதியைச் சொல்வதற்குள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

மத்தியானமே மீட்டர் கத்த ஆரம்பித்தது. ஆல்வின் போய், "மொதலாளி, உள்ள லிமிட் தாண்டிருச்சு, எக்ஸாஸ்ட் ஓட்டணும்" என்று சொன்னான்.

"உங்கம்மாதான் டீச்சருன்னா நீயும் டீச்சரா? குடும்பமே பள்ளிக்கூடமா இருக்கே!" என்றார் முதலாளி. அவர் கண்ணைக் காட்ட, சுருளி மீட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். சத்தம் நின்றது. சத்தம் நின்றால் சங்கதியும் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

4. பச்சையாகவே கனிந்தது

மறுநாள் கதவைத் திறந்து ஒரு சீப்பை எடுத்து வந்தான் ஆல்வின். வழக்கமாக அந்நேரம் தோலில் மஞ்சள் தட்டத் தொடங்கியிருக்கும். இது பச்சையாகவே இருந்தது. ஆனால் விரலால் அமுக்கினால் உள்ளே போனது. உரித்துப் பார்த்தால் நடுவில் கொழகொழவென்று ஒரு வாடை, பழைய கள் மாதிரி.

ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும். தோல் நிறம் மாறாது. உள்ளே மாவு சர்க்கரையாகி, அந்தச் சர்க்கரை பழமாவதற்குப் பதிலாகப் புளித்துச் சாராய வாடை எடுக்கும். தண்ணீர் நின்ற தோட்டத்துக் காய் என்றால் இன்னும் வேகமாக நடக்கும். அது ஏற்கனவே மூச்சு வாங்கிக்கொண்டு வந்த காய். மரத்தில் இருந்தபோது வேரை மூழ்கடித்தார்கள், பறித்த பிறகு காயையே மூடினார்கள். ஒரே காயை இரண்டு முறை திணறடிப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

"கலர் வரல டீச்சர். கேஸ் பத்தல," என்றார் முதலாளி.

"கேஸ் போதும்ணே. காத்துதான் பத்தல. கரியமில வாயு கூடிப்போச்சுன்னா கேஸ் எம்புட்டு விட்டாலும் காய் கேக்காது."

"எம் பொண்டாட்டி மாதிரியே பேசுறீக. எதச் சொன்னாலும் அதுக்கு நேரெதிரா."

கேஸைக் கூட்டச் சொன்னார். கதவை மறுபடி சாத்தினார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஆல்வினிடம் சொன்னேன்: "உள்ள போறதா இருந்தா மொதல்ல கதவ அகலத் தெறந்து வைய்யி. கொஞ்ச நேரம் விட்டுட்டுப் போ. தனியாப் போகாத. வெளிய ஒரு ஆள நிக்க வச்சுட்டுப் போ."

"தெரியும்மா. படிச்சுட்டுத்தான வந்துருக்கேன்," என்றான். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "தெறந்து வச்சா மொதலாளி கத்துறாரு. கேஸ் போகுதாம்," என்றும் சொன்னான்.

"கத்தட்டும்."

"நீ ஈஸியா சொல்லிட்டுப் போயிருவ."

5. சட்டி

அதற்கடுத்த நாள் காலையில் முதலாளி என்னைத் தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டம் பார்க்க அனுப்பினார். அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கிற அவசரம் அந்தத் தோட்டத்தில் ஒன்றும் இல்லை. நான் பக்கத்தில் இல்லாமல் இருப்பதே அன்றைக்கு அவருக்குத் தேவை என்பது பிறகுதான் புரிந்தது.

நான் போன பிறகு நடந்ததை சுருளி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தலையைத் தலையை அடித்துக்கொண்டு சொன்னார். குமுளி வியாபாரி போனில் ஏசியிருக்கிறார். முதலாளி சேம்பர் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்திருக்கிறார். அப்போது சுருளி சொன்னாராம்: "மொதலாளி, பெரியவரு காலத்துல இப்பிடி ஒரு நாளும் காய் சண்டித்தனம் பண்ணதில்ல. ஒரு மூட்டம் போட்டுப் பாப்பமா?"

"சேம்பருக்குள்ளயா?"

"ஒரு ஓரமா. சின்னச் சட்டிதான்."

எத்திலீன் சிலிண்டர் நிற்கிற கட்டடத்தில் தீச்சட்டி. அளவாக விடுகிற கேஸ் தீப்பிடிக்காது என்பது வேறு விஷயம். அது இவர்களுக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். தெரியாமலே செய்தார்கள். கம்ப்யூட்டர் திரை வைத்து, தானியங்கிக் குளிர் வைத்து, ஒரு வெள்ளைப் பெட்டி கட்டி, அதன் மூலையில் ஒரு சட்டியில் வாழைச் சருகைப் போட்டுப் புகைய விட்டார்கள். ஏற்கனவே ஆக்சிஜன் இல்லாத அறையில், மிச்சம் இருந்த கொஞ்சத்தையும் தின்ன ஒரு நெருப்பு. காற்றில்லாமல் எரிகிற நெருப்பு கனன்று புகையும். அந்தப் புகையில் இருக்கும் விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

ஆல்வின் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். "ஏலே, உங்கம்மா ஊர்ல இல்ல. வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு," என்று பதில் வந்திருக்கிறது.

பிற்பகலில் முதலாளி வியாபாரியைச் சமாதானப்படுத்தக் குமுளிக்குக் கிளம்பினார். போகும்போது, "கலர் வந்துருச்சான்னு பாத்து ஒரு சீப்ப எடுத்து வைய்யி, நான் வந்து பாக்குறேன். உள்ள இருக்கும்போது கதவச் சாத்திக்க, கேஸ் போயிறாம," என்று ஆல்வினிடம் சொல்லியிருக்கிறார். என் மகன் கதவைத் திறந்து வைத்துத்தான் உள்ளே போயிருக்கிறான். முதலாளி சொன்னாரே என்று சுருளி வெளியிலிருந்து சாத்தியிருக்கிறார். சாத்திவிட்டு, லாரி வந்ததால் அந்தப் பக்கம் போய்விட்டார்.

6. தொடர்பு எல்லைக்கு வெளியே

தேவதானப்பட்டியிலிருந்து திரும்பி பேக் ஹவுஸ் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆல்வினுக்குப் போன் செய்தேன். அவன் மதியம் சாப்பிட்டானா என்று கேட்கத்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது.

எங்கள் பேக் ஹவுசில் எல்லா இடத்திலும் டவர் கிடைக்கும். கழிப்பறையில்கூடக் கிடைக்கும். கிடைக்காத இடம் சேம்பருக்குள் மட்டும்தான், அதுவும் கதவு சாத்தியிருந்தால். அந்தப் பெண்குரல் சொல்லி முடிப்பதற்குள் நான் ஓட ஆரம்பித்திருந்தேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது.

சுருளி லாரிக்குப் பக்கத்தில் நின்றார்.

"சுருளி, ஆல்வின் எங்க?"

"உள்ளதான் போனான்க்கா, சாம்பிள் எடுக்க."

"எப்ப?"

அவர் முகம் மாறியது. அந்த முகத்தை நான் இனி வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

கதவைத் திறந்தேன். புகை முகத்தில் அடித்தது. அடுக்கு கிரேட்டுகளுக்கு நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து. அதன் கடைசியில் அவன் கால் தெரிந்தது. ஷூவின் அடிப்பக்கம். நான் உள்ளே பாய்ந்திருப்பேன். என் படிப்புதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நானும் உள்ளே விழுந்தால் இரண்டு பேரையும் வெளியே எடுக்க ஆள் இருக்காது. பெற்றவள் வாசலில் நின்று இதை யோசித்தேன். இன்றைக்கும் என்னால் அதை மறக்க முடியவில்லை.

"சாக்கப் பிடுங்குங்க! எக்ஸாஸ்டப் போடுங்க!" என்று கத்தினேன். இரண்டு பேர் பின்பக்கம் ஓடினார்கள். சுருளி துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"துண்டு எதுக்குய்யா? துண்டு புகையத்தான் நிறுத்தும். இல்லாத காத்த அது எங்கேருந்து கொண்டாரும்? மூச்ச இழுத்துப் பிடி. இடுப்புல கயித்தக் கட்டு."

லோடு கட்டும் கயிற்றை அவர் இடுப்பில் கட்டினோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அவர் செய்த எல்லாவற்றுக்கும் நான் அவரை வெறுக்கிறேன். ஆனால் அந்தச் சந்துக்குள் போனவர் அவர்தான். இதையும் எழுத வேண்டும். முதல் தடவை பாதியில் திரும்பி வந்து இருமினார். இரண்டாவது தடவை காலைப் பிடித்து இழுத்து வந்தார்.

ஆல்வின் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. வெளியே வரத்தான் பார்த்திருக்கிறான். எடுக்கப் போன சீப்பு அவன் நெஞ்சுக்கு அடியில் நசுங்கிச் சட்டையெல்லாம் அப்பியிருந்தது. தோல் பச்சை. உள்ளே கூழ்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். ரோடு முழுக்க ஐயப்ப சாமிகள் வண்டி. காத்திருக்க என்னால் முடியவில்லை. காய் ஏற்ற வந்த குட்டியானை மினி லாரியின் பின்னால், வாழை இலைச் சருகு மெத்தையில் அவனைக் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனோம். திறந்த வண்டி. காற்று அடித்தது. அந்தக் காற்றை அவன் மூக்குக்குள் எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் என் முந்தானையால் விசிறிக்கொண்டே போனேன். காற்று அடிக்கிற வண்டியில் விசிறி. படித்தவள்தான் நான்.

7. ஆஸ்பத்திரியில்

கம்பத்தில் ஆக்சிஜன் வைத்து, பிறகு தேனிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர், "என்ன வேலைம்மா பாக்குறான்?" என்று கேட்டார்.

"பழம் பழுக்க வைக்கிற வேலை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பழத்துக்கா இப்பிடி?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் ஆல்வின் கண் விழித்தான். மாஸ்க்கை விலக்கி, "தலை வலிக்குதும்மா," என்றான். தலை வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லி எந்தத் தாயும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "கதவ நான் தெறந்துதாம்மா வச்சேன்," என்றான். அதை மூன்று நான்கு தடவை சொன்னான். திட்டுவேன் என்று நினைத்திருக்கிறான்.

இப்போது நன்றாக இருக்கிறான். சில சமயம் ஒரு வார்த்தை நினைவுக்கு வராமல் தேடுகிறான். போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். அவன் குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்தாலும் நான் கதவைத் தட்டுகிறேன். "அம்மா, குளிக்கிறேன்" என்று எரிச்சலோடு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் தட்டுகிறேன். வீட்டில் எந்தக் கதவுக்கும் இப்போது தாழ்ப்பாள் இல்லை. கழற்றி எறிந்துவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, நான் கற்றது இதுதான். வேர், காய், ஆள், மூன்றுக்கும் தேவை ஒரே காற்று. தோட்டத்தில் தண்ணீர் நிற்பதைப் பெருமையாகக் காட்டுகிறவரின் காயை எடுக்காதீர்கள். பச்சையாக இருந்து மெத்தென்று அமுங்குகிற காயைக் கண்டால், காயைத் திட்டாதீர்கள், அறையில் காற்று இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். காய் திணறுகிற அறையில் ஆளும் திணறுவான். காய்க்கு ஆகாத காற்று இருக்கிற இடத்துக்குள் கால் வைக்காதீர்கள். முதலாளி கத்தினால் கத்தட்டும். வேலை போனால் போகட்டும். மீட்டர் ஒயரைப் பிடுங்குகிற இடத்தில் உங்களுக்கு என்ன வேலை?

அவன் படுத்திருந்த முதல் இரண்டு நாளில் ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் வந்தார்கள். போடி பஜாரில் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் ஷட்டரைக்கூட இறக்காமல் வந்தார். போதகர் வந்து ஜெபித்தார். தவமணி அண்ணன் வந்து, "எந் தோட்டத்துக் காயாலயா தாயி?" என்று கேட்டார். மோட்டுவளையைப் பார்த்துவிட்டுப் போனார். சுருளி வராந்தாவிலேயே கிடந்தார்.

கடைசியாக மூன்றாம் நாள் சாயங்காலம் முதலாளி வந்தார். கையில் ஆப்பிள் பை. ஆல்வினின் கட்டிலருகே நின்று, "என்னடா, நல்லாருக்கியா?" என்று கேட்டார். அவன் தலையாட்டினான். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று என் வீட்டுக்காரர் எழுந்து நாற்காலியைக்கூடக் கொடுத்தார். முதலாளி உட்காரவில்லை. கட்டில் பக்கத்தில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து அதன் வால்வைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், அது போய்ச் சேர்கிற என் மகனின் மூக்கையும் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"டீச்சர், இது வெல்டிங் பட்டறைக்குக் குடுப்பாகல்ல, அந்த மாதிரிதான? ஒண்ண வாங்கி மூணாம் நம்பர்ல வச்சு லேசாத் தெறந்துவிட்டா, காயும் மூச்சு விடும், பயலும் மூச்சு விடுவான். அந்தச் சாக்க மறுபடி அடைச்சுக்கலாம்ல?"